பென்சில்வேனியாவிலிருந்து நான்காவது கடிதம்

நாஜ்னீன் மேடத்தின் ஆபீஸுக்கு வருகிறவர்கள் முதலில் மூக்கைத்தான் தூக்குவார்கள். கீழே ஊட்டி வர்க்கி பிஸ்கட் சுடும் அடுப்பு, மாடியில் நாங்கள். துப்பறியும் நிறுவனம் என்று பெரிதாகப் போர்டு வைத்திருந்தும் பாதிப் பேர் கால் கிலோ வர்க்கி கேட்டுக்கொண்டுதான் படி ஏறுவார்கள். அன்றைக்குப் பதினோரு மணிக்கு ஏறி வந்த பெண் வர்க்கி கேட்கவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "எந்தம்பிய ஒரு வெள்ளக்காரன் கூப்புட்டுட்டுப் போயிட்டானுங்க" என்றாள்.

"எந்த ஊரு வெள்ளக்காரனுங்க?" என்றேன்.

"இங்கிலாந்துல பொறந்து அமெரிக்காவுல குடியேறினவருங்க. நூறு வருசத்துக்கு முந்தின ஆளுங்க."

நான் நோட்டை மூடினேன். "ஏனுங்க மேடம், இது நம்ம கேஸா, பேயோட்டற கோடாங்கி கேஸா?"

மேடம் என்னைப் பார்த்த பார்வையில் நோட்டை மறுபடி திறந்தேன். என் பெயர் வெள்ளியங்கிரி. ஜீப் ஓட்டுவது, போனில் தேடுவது, தேவைப்பட்டால் ஆளை முறைப்பது, தேவைப்படாத நேரத்தில் பேசுவது இவையெல்லாம் என் வேலை. கடைசி வேலைக்கு மட்டும் சம்பளம் கிடையாது. மேடம் தபால் துறையில் இருபத்தெட்டு வருஷம் இருந்தவர். முகவரி அழிந்த கடிதம், பாதி முகவரிக் கடிதம், முகவரியே இல்லாத கடிதம் எல்லாம் அவர் மேஜைக்குத்தான் வரும். பார்த்துவிட்டு, இது கோத்தகிரி, இது கூடலூர் என்று பிரித்துப் போடுவார். ஓய்வு வாங்கிக்கொண்டு வந்த பிறகு ஆட்களைப் பிரிக்கிறார். அவ்வளவுதான் வித்தியாசம்.

வந்தவள் பெயர் ரேகா. வயது முப்பத்தாறு. குன்னூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கில டீச்சர். மெல்லிய காட்டன் புடவை, தட்டைச் செருப்பு. கையில் ஒரு ஹேண்ட்பேக், ஒரு பைல், வேறு எதுவும் இல்லை. கண்கள் ராத்திரி முழுக்கத் தூங்காத கண்கள்.

தம்பி வசந்தகுமார். முப்பத்தைந்து முடியவில்லை. நடுவட்டத்தில் ஒரு டீ ஃபேக்டரியில் வேலை. அக்காவுக்கு இல்லாத ஒன்று அவனுக்கு உண்டு, சாம்பல் நிறக் கண். பள்ளிக்கூடத்தில் பூனைக்கண்ணன் என்று கூப்பிட்டே அவனை அழ வைத்திருக்கிறார்கள். அந்தக் கண் எங்கிருந்து வந்தது என்று அவனுடைய அம்மா ஒருநாள் சொல்லியிருக்கிறாள். மார்ஸ்டன் எஸ்டேட்டில் சின்னத் துரையாக, அதாவது உதவி மேனேஜராக, இருந்த எட்வின் பெல்லமி என்ற இங்கிலீஷ்காரன், கொழுந்து எடுக்க வந்த பேச்சி என்ற பெண்ணுடன் வாழ்ந்தான். குழந்தை பிறந்த வருஷமே அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிவிட்டான். அந்தக் குழந்தை வழியில் வந்தவர்கள்தான் இவர்கள்.

"அவருக்கு என்ன ஆச்சுன்னு தேட ஆரம்பிச்சானுங்க. எல்லாம் கம்ப்யூட்டர்லதான்."

பைலிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து வைத்தாள். மேடம் புரட்டினார். வசந்தகுமாரின் கையெழுத்து, அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது. 1886, இங்கிலாந்தில் டெர்பிஷயரில் பிறப்பு. 1908, நடுவட்டம். 1912, லிவர்பூலில் ஏறி நியூயார்க்கில் இறங்கிய பயணிகள் பட்டியலில் பெயர். 1918, ராணுவப் பதிவு அட்டை, அதில் 'கண்: சாம்பல்' என்ற இடத்தில் வசந்தகுமார் இரண்டு முறை அடிக்கோடு போட்டிருந்தான். 1920, மக்கள்தொகைக் கணக்கு. பென்சில்வேனியாவில் நிலக்கரிச் சுரங்கத்தில் கூலி, வாடகை அறை, ஒண்டிக்கட்டை. அடுத்த பக்கத்திலிருந்து வெறும் கோடு போட்ட தாள்.

"எஸ்டேட்டுத் துரை சுரங்கத்துல கூலியாயிட்டானுங்களா?" என்றேன்.

"அதுக்கப்புறம் எதுவும் கெடைக்கலீங்க. பத்து மாசம் முன்னால டாம்னு ஒருத்தரு மெயில் அனுப்பினாரு. பெல்லமி வாடகைக்கு இருந்த ஊட்டுக்காரம்மாவோட கொள்ளுப்பேரனாம். பெல்லமி எழுதி, தபால்ல சேக்காமயே வெச்சிருந்த லெட்டர் பரண்ல கெடைச்சுதுன்னு படம் எடுத்து அனுப்பினாரு. எல்லாம் பேச்சிக்கு எழுதினது. மூணு லெட்டர் வந்துச்சுங்க. நேத்து சாயங்காலம் இது."

போனை நீட்டினாள். தம்பி அவளுக்கு அனுப்பிய படம். 'டாம் இன்னொண்ணு அனுப்பியிருக்கார் அக்கா' என்று ஒரு வரி, அதோடு சரி. அதற்குப் பிறகு அவன் போன் அணைந்துவிட்டது. இன்று காலை வேலைக்கு ஆள் பேர் வாசிக்கும்போது அவன் இல்லை. போலீசில் சொன்னதற்கு, வளர்ந்த ஆள்தானே, ஒரு நாள் பொறுங்கள் என்றார்களாம்.

"லெட்டர்ல வரச் சொல்லியிருக்குதுங்களா?" என்று மேடம் கேட்டார்.

"இல்லீங்க. ஆனா அவன் போயிட்டான். அந்த லெட்டர எழுதுனவன்கிட்டதான் போயிருக்கான். எனக்கு நிச்சயமாத் தெரியும்."

எப்படித் தெரியும் என்று மேடம் கேட்கவில்லை. கேட்காமல் விட்டது எனக்கு விசித்திரமாக இருந்தது. அவர் போனில் விரல் வைத்துப் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தார். கடிதத்தை விட்டுவிட்டு அதன் ஓரத்தை, தாள் முடிந்து அடியில் இருப்பது தெரிகிற ஒரு விரற்கடை இடத்தைப் பார்த்தார்.

"வெள்ளியங்கிரி, இது என்ன?"

"கோழிக்கூடு மாதிரி இருக்குதுங்க."

"இல வாட்டற கம்பி வலைங்க" என்றாள் ரேகா. "ஃபேக்டரி மாடியில பச்சக் கொழுந்த இதுமேலதான் பரப்பிப் போடுவாங்க."

"சரி. ஜூன் மாசம், கொழுந்து வந்து குவியற மாசம். எந்த ஃபேக்டரியில இந்த வலை காலியா, துருப்புடிச்சுக் கிடக்கும்?"

ரேகா வாயில் கையை வைத்தாள். "மார்ஸ்டன் பழைய ஃபேக்டரி. அப்பா அங்கதான் வேலை பாத்தாருங்க. மூடி ஏழு வருசம் ஆச்சு."

"அமெரிக்காப் பரண்ல இருந்த லெட்டரு நடுவட்டத்து வலை மேல எப்படிங்க வந்து படுத்துச்சு?" என்றேன்.

"அதத்தான் போய்க் கேக்கணும்" என்று மேடம் எழுந்தார். "ஜீப்ப எடு. போற வழியில போன்ல பெல்லமியத் தேடு. அமெரிக்காவுல கல்லறைகளப் படம் புடிச்சு ஏத்தறதையே பொழுதுபோக்கா வெச்சிருக்கற ஆளுங்க இருக்காங்க. ஆள் அங்கயே செத்திருந்தா கல்லு இருக்கும்."

சுவரில் நாள்காட்டி ஜூன் பத்தொன்பது என்று காட்டியது. எனக்கு அப்போது அது வெறும் தேதி.

*

ஊட்டியில் வானம் மூட்டமாக இருந்ததே தவிர, தூறல் இல்லை. ஊரைத் தாண்டிக் கூடலூர் சாலையில் போகப் போகக் காற்று கனத்தது. பைக்காராவுக்கு வந்தபோது மழை எதிரே வெள்ளைச் சுவராக நின்றது. அந்தச் சுவரின் விளிம்பில் ஒரு டீக்கடை. அதற்கு அப்புறம் போனில் சிக்னல் இருக்காது. மேடம் நிறுத்தச் சொன்னார்.

கல்லறைத் தேடல் பக்கம் மெதுவாகத் திறந்துகொண்டிருந்தது. போனை மேடத்திடம் கொடுத்துவிட்டு டீ சொன்னேன். ரேகா இறங்கிக் கடைக்கு ஓடி வருவதற்குள் தலையும் தோளும் நனைந்துவிட்டன.

"டீச்சர், குடை எங்கீங்க?" என்றார் மேடம்.

"கொண்டு வரலீங்க. குன்னூர்ல நல்ல வெயில்."

"நடுவட்டத்துல தம்பியத் தேடப் போறோம்னு தெரிஞ்சுதான வந்தீங்க. ஜூன் மாசம் நடுவட்டம் போறவங்க செருப்ப மறந்தாலும் குடைய மறக்க மாட்டாங்க."

ரேகா முந்தானையால் தலையைத் துவட்டினாள். மேடம் பைலைத் திறந்து முதல் கடிதத்தின் பிரதியை எடுத்தார். ஆங்கிலத்தில் அழகான சாய்ந்த எழுத்து. மேடம் எனக்காகத் தமிழில் படித்தார்.

'பேச்சி, நடுவட்டத்து ஜூன் மாதத்தை மறக்க முடியவில்லை. நீ புல்லில் துணிகளைக் காயப் போட்டுவிட்டுப் பாறைமேல் உட்கார்ந்து, வெயிலில் தலை உலர்த்திக்கொண்டிருந்தாய்.'

"நல்லாத்தான எழுதியிருக்கான்" என்றேன்.

"நீயே பாரு." மேடம் எதிரே இருந்த வெள்ளைச் சுவரைக் காட்டினார். "இந்தப் பக்கம் ஜூன்ல துணிய அடுப்புக்கு மேல கயிறு கட்டித்தான் காய வைப்பாங்க. அதுவும் காயாது. ரெண்டாவது லெட்டரு. அக்டோபர்ல பெரிய மழை, மண் சரிஞ்சு ரயில் நின்னு போச்சு, தபால் வரலன்னு எழுதியிருக்கு. நடுவட்டத்துல ரயில் ஏது? இந்த மலைக்கு ரெண்டு மழை வெள்ளியங்கிரி. மேக்கால பக்கத்துக்கு ஜூன்ல, கெழக்கால பக்கத்துக்கு அக்டோபர்ல. பெல்லமி நாலு வருசம் நடுவட்டத்துல நனைஞ்ச ஆளு. அவனுக்கு இது தெரியாமப் போகாது. இத எழுதுனது அமெரிக்காக்காரனா இருந்தா ரெண்டு மழையுமே தெரிஞ்சிருக்காது. ஒரு மழையக் கரெக்டாத் தெரிஞ்சு வெச்சுக்கிட்டு, மலை பூரா அதேதான்னு நெனச்சு எழுதியிருக்காங்க. குன்னூர்ல வளந்த ஒருத்தங்கதான் இந்தத் தப்பப் பண்ண முடியும். குடையில்லாம நடுவட்டத்துக்குக் கெளம்பற ஒருத்தங்க."

ரேகாவின் கையிலிருந்த டம்ளர் சரிந்து டீ புடவையில் கொட்டியது. அவள் அதைத் துடைக்கவில்லை.

"மே மாச லீவுக்குத்தான் அப்பா அம்மாகிட்டப் போவேனுங்க" என்றாள் மெதுவாக. "ஆறு வயசுலயே என்னையக் குன்னூர்ல சித்தி ஊட்டுல படிக்க உட்டுட்டாங்க. ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள திரும்பிருவேன். நடுவட்டத்து ஜூன் மாசத்த நான் பாத்ததே இல்லீங்க."

மேடம் தன் கைக்குட்டையை அவளிடம் நீட்டினார். எனக்குக் கேலி பேச வாய் வரவில்லை.

"அம்மா போனதுக்கப்புறம் அவன் பேசறத நிறுத்திட்டானுங்க. போன வருசம் ஒருநாள் அவன மலை விளிம்புல இருந்து ரெண்டு பேரு இழுத்துட்டு வந்தாங்க. டாக்டர்கிட்டக் காட்டினோம். இந்தப் பெல்லமியத் தேட ஆரம்பிச்சப்பறம்தான் சோறே தின்னான். அக்கா கப்பல் பேரு கெடைச்சுது, அக்கா கண்ணு நெறம் கெடைச்சுதுன்னு தெனமும் போன் பண்ணுவான். 1920க்கு மேல ஒண்ணும் கெடைக்கலன்னதும் மறுபடி படுத்துட்டானுங்க. என்னால பாத்துட்டு இருக்க முடியல. டாம்னு பேரு வெச்சு நாந்தான் மெயில் தொறந்தேன். பழைய தாள் வாங்கி, பழைய மாதிரி எழுதி..."

"மூணையும்?"

"மூணும் நான் எழுதினதுங்க." அவள் மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாலாவது நான் எழுதலீங்க."

இல்லாத ஒரு டாமை இவள் உண்டாக்கினாள். அந்த டாமின் பெயரில் இன்னொருவன் வந்து தம்பியைக் கூப்பிட்டிருக்கிறான். போலீசிடம் இவள் இதைச் சொல்லியிருக்க மாட்டாள். எப்படிச் சொல்வாள்?

மேடம் நான்காவது கடிதத்தைப் படித்தார். முதல் மூன்றைப் போல அலங்காரம் இல்லை. சின்னச் சின்ன வாக்கியங்கள்.

'ஜூன் 19. பேச்சி, மழை விடவில்லை. அங்கே அட்டைப்பூச்சிகள் எழுந்திருக்கும். சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு நீ தேயிலைக் காட்டுக்குப் போயிருப்பாய். அடுப்புக்கு மேல் துணி தொங்கும், புகை வாசம் போகாது. நான் இங்கே வந்து என்ன செய்தேன் என்று யாராவது கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை. என்னைத் தேட வேண்டாம். தேடுகிறவர்களுக்கு வீண் சிரமம்.'

"இந்த ஆளுக்கு நடுவட்டம் தெரியுது" என்றேன்.

"டாமோட மெயில்ல இந்த லெட்டர் இருக்குதுங்களா?" என்று மேடம் ரேகாவைக் கேட்டார்.

"இல்லீங்க. அனுப்பினதா எந்த அடையாளமும் இல்ல. எப்படி அனுப்பினான்னே புரியல."

போன் ஒரு முறை அதிர்ந்தது. கல்லறைப் பக்கம் திறந்துவிட்டது. மேடம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். பிறகு போனைத் தன் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். கடைக்காரரிடம் ஒரு பழைய லேண்ட்லைன் இருந்தது. அதில் நடுவட்டம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் பேசினார். மார்ஸ்டன் பழைய ஃபேக்டரி, உடனே, ஆம்புலன்ஸோடு என்று மட்டும் என் காதில் விழுந்தது. வழியில் மரம் விழுந்திருக்கிறது, வெட்டிக்கொண்டிருக்கிறார்கள், வருகிறோம் என்றார்களாம்.

"வேகமாப் போ" என்றார் என்னிடம்.

பதினோரு வருஷமாக அவருக்கு ஜீப் ஓட்டுகிறேன். 'மெதுவாப் போ' என்பதைத் தவிர வேறு எதையும் அவர் வாயிலிருந்து கேட்டதில்லை. எனக்குப் பயம் வந்தது.

*

மழைக்குள் நுழைந்ததும் பகல் மங்கிவிட்டது. ஒரு மணிக்கு விளக்குப் போட்டு ஓட்டினேன். வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்தேன். எதிரே வந்த பஸ் பக்கத்தில் உரசிப் போன பிறகுதான் கண்ணுக்குத் தெரிந்தது. ரேகா பின்சீட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "யாருங்க அது, யாருங்க அது" என்று அவளுக்கே கேட்காத குரலில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

என் மண்டைக்குள் ஆள் தயாராகிவிட்டான். ரேகாவின் பாஸ்வேர்டைத் திருடியவன். நடுவட்டத்துக்காரன். வசந்தகுமாரோடு பகை. மூடிய ஃபேக்டரியில் காத்திருக்கிறான். உயரம், மீசை, சட்டை நிறம் வரை முடிவு செய்துவிட்டேன். ஜாக்கி லிவர் சீட்டுக்கு அடியில்தான் இருந்தது.

மார்ஸ்டன் எஸ்டேட்டுக்குப் பிரியும் மண்சாலையில் ஜீப் இரண்டு முறை வழுக்கியது. கவாத்து பண்ணாமல் விட்ட தேயிலை ஆள் உயரத்துக்கு மரமாகி, இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டு நின்றது. நடுவில் ஃபேக்டரி. நாலு மாடித் தகரக் கட்டடம், முழுக்கத் துரு. ஜன்னல் கண்ணாடிகளில் பாதி இல்லை. இரும்பு கேட் பூட்டியிருந்தது. பக்கத்தில் வேலி பிரிந்த இடத்தில் ஒரு கறுப்புக் குடை, மடித்துக் கம்பியில் ஒழுங்காக மாட்டியிருந்தது. துணியில் வெள்ளை பெயிண்டால் வி.கே. என்று எழுத்து.

"அவனுதுதான்" என்றாள் ரேகா.

இந்த மழையில் குடையை வாசலில் மாட்டிவிட்டு உள்ளே போகிறவன், நனைவதைப் பற்றிக் கவலைப்படாதவன். அது எனக்குப் புரிந்தது. ஆனால் யார் அவனை நனைய விட்டது என்றுதான் யோசித்தேன். லிவரை எடுத்தேன்.

"அத ஜீப்லயே வை" என்றார் மேடம். "அடிக்கறதுக்கு உள்ள ஆள் இல்ல."

"அப்ப நாலாவது லெட்டர எழுதினது?"

மேடம் பையைத் திறந்து போனை எடுத்தார். பைக்காராவில் திறந்த பக்கம் அப்படியே நின்றது. பாசி பிடித்த ஒரு சின்னக் கல். 'எட்வின் பெல்லமி, 1886 - ஜூன் 19, 1921.' படம் ஏற்றிய அமெரிக்காக்காரர் அந்தக் காலத்துப் பத்திரிகைச் செய்தியையும் கீழே தட்டச்சு செய்திருந்தார். மேடம் அதை ரேகாவிடம் வாசிக்கவில்லை. என்னிடம் காட்டினார். சுரங்கத் தொழிலாளி ஆற்றில் பிணமாகக் கிடந்தார். தானே தேடிக்கொண்ட முடிவு. சொந்தம் என்று சொல்ல யாரும் இல்லை.

"இன்னிக்குத் தேதி" என்றேன்.

"கீழ பாரு. இந்தப் பக்கங்கள்ல பாக்க வர்றவங்க கல்லறைக்குப் பூப்படம் வெச்சுட்டுப் போலாம். நூறு வருசத்துல இந்தக் கல்லுக்கு ஒரே ஒரு பூதான் வந்திருக்கு."

ஒற்றைப் பூவின் படம். பக்கத்தில், ஏப்ரல் 2. வி.கே., நடுவட்டம்.

ரேகா எட்டிப் பார்த்தாள். தேதியைப் பார்த்தாள். பூவைப் பார்த்தாள். டீச்சர் அல்லவா, சேர்த்துப் படிக்க நேரமாகவில்லை.

"அவனே..." என்றாள்.

"டாம் அனுப்பினதா உங்ககிட்டச் சொன்னாரு. டாமே நீங்கதான். டாமோட மெயில்ல அது இல்லவும் இல்ல. எழுதின எடத்துலயே வெச்சுப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பியிருக்காரு. பெல்லமி கதை எப்படி முடிஞ்சுதுன்னு ரெண்டு மாசத்துக்கு முன்னாலயே அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. நோட்டுல எழுதாம வெச்சுக்கிட்டாரு. அந்த லெட்டரு பேச்சிக்கு இல்லீங்க டீச்சர். உங்களுக்கு."

மீசை, உயரம், சட்டை நிறம் எல்லாம் வைத்து நான் உண்டாக்கியிருந்த ஆள் அந்த மழையில் கரைந்து போனான். உள்ளே இருந்தது ஒரே ஒருவன். அவனிடமிருந்தே அவனைக் காப்பாற்ற வேண்டும். அதற்கு லிவர் எதற்கு?

"நீங்க முன்னால போங்க" என்றார் மேடம் ரேகாவிடம். "ஓடாதீங்க. கத்தாதீங்க. பேசிட்டே போங்க, உங்க சத்தம் அவருக்குக் கேக்கட்டும். லெட்டரப் பத்தி மட்டும் பேசுங்க. நாங்க ரெண்டு படி பின்னாலதான் இருப்போம்."

*

மரப்படிகள் ஊறிப் போயிருந்தன. ஒவ்வொன்றிலும் ஓரமாக மிதித்து ஏறினோம். தகரக் கூரையில் மழை இடித்ததில், பேசுவதைக் காதைத் தீட்டிக்கொண்டுதான் கேட்க வேண்டியிருந்தது. முதல் மாடி, இரண்டாவது மாடி, எல்லாம் வெறும் கம்பி வலைகள், வரிசை வரிசையாக. ஒரு மூலையில் வௌவால் எச்சம். ரேகா செருப்பைக் கழற்றிவிட்டு, முதல் கடிதத்தின் வரிகளை உரக்கச் சொல்லிக்கொண்டே வெறுங்காலோடு ஏறினாள்.

கடைசி மாடியில், பச்சை இலை மூட்டையைக் கீழிருந்து கப்பி போட்டு ஏற்றுவதற்காகச் சுவரில் ஒரு பெரிய கதவு உண்டு. அது திறந்திருந்தது. அதற்கு வெளியே தரை கிடையாது, மேகம்தான் இருந்தது. கதவு நிலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி ஒருவன் நின்றுகொண்டிருந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

மேடம் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். இருபதடி தூரம். பாய்ந்தால் எட்டாது. என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை.

"லெட்டர்ல ஒரு தப்பு இருக்குடா" என்றாள் ரேகா. வகுப்பில் பேசுகிற குரல். "ஜூன்ல வெயில்னு எழுதிட்டேன்."

அவன் திரும்பவில்லை. "ஆமாக்கா" என்றான்.

"எப்படா தெரிஞ்சுது?"

"மொத லெட்டர்லயே."

ரேகா இரண்டடி வைத்தாள். பலகை முனகியது. அவள் நின்றாள்.

"பத்து மாசமா? ஏன்டா எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீ எழுதறத நிறுத்திருவே." அவன் மழையைப் பார்த்தே பேசினான். "அந்தாளு யாரோ எவரோ. அவரு பேச்சிக்கு என்ன எழுதினாருன்னு எனக்கு என்னக்கா? நீ உக்காந்து எனக்காக எழுதறேன்னு தெரிஞ்சுது. அதப் படிக்கறதுக்குத்தான் காத்துட்டு இருந்தேன்."

மேடத்தின் பிடி என் தோளில் இறுகியது.

"மார்ச்சுல நிறுத்திட்டே" என்றான் அவன். "நான் எதுவும் சொல்லல. நீயா நிறுத்திட்டே."

ரேகா வாயைத் திறந்தாள். அவள் சொல்லப் போகிற பதிலில் அவன் உயிர் இருந்தது. நானாக இருந்தால் ஏதாவது பொய் சொல்லியிருப்பேன். அவளுக்கு அந்த நேரத்தில் நிஜம்தான் வந்தது.

"பரீட்சைப் பேப்பர்டா கண்ணு" என்றாள். "நூத்தி நாப்பது பேப்பர். அது முடியறதுக்குள்ள பத்தாங் கிளாஸ் பேப்பர். திருத்திட்டு இருந்தேன்டா. நாலாவது லெட்டரு பாதி எழுதி மேஜையில கெடக்குது. பெல்லமிக்குக் காய்ச்சல் வந்துருச்சுன்னு எழுதி வெச்சிருக்கேன். அவனக் காப்பாத்தறதா வேண்டாமான்னு தெரியாம அப்படியே வெச்சுட்டேன்."

அவனுடைய தோள்கள் குலுங்கின. அழுகிறானா சிரிக்கிறானா என்று எனக்குத் தெரியவில்லை. அவனுக்கே தெரிந்திருக்காது.

"காப்பாத்திரு" என்றான்.

"நீ வந்து சொல்லு, எப்படின்னு. எனக்கு நடுவட்டம் தெரியலேல்ல."

அவன் திரும்பினான். சாம்பல் நிறக் கண்கள், சிவந்து வீங்கியிருந்தன. நிலையைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டு உள்பக்கமாக ஓர் அடி வைத்தான், பிறகு இன்னொன்று. ரேகா மிச்ச தூரத்தைக் கடந்து அவன் சட்டையை இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, அப்படியே ஈரத் தரையில் அவனோடு உட்கார்ந்துவிட்டாள்.

மேடம் என் தோளை விட்டார். நான் சுவரோரமாக நடந்து போய், அந்தக் கதவை இழுத்துச் சாத்திக் கொண்டி போட்டேன்.